புளிப்புக்கு வாசனை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் பால் நொதித்தல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக; இரண்டாம் தடவை கையில் சிவப்புப் பேனாவோடு. எழுதியவர் சிரமப்பட்டுத் தகவல் சேர்த்திருக்கிறார், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "பால் புளிக்கப் புளிக்க மணமும் கூடிக்கொண்டே போகும், அந்த மணம் லாக்டிக் அமிலத்தின் மணமே." இந்த வரியைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. 1988-ல் ஒரு பால்பண்ணை ஆய்வகத்தில் பிப்பெட் கழுவச் சேர்ந்து, 2022-ல் கல்ச்சர் (பாலைப் புளிக்கவைக்க உறையாகப் போடும் பாக்டீரியா) பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். விஞ்ஞானி இல்லை. ஆனால் முப்பத்துநாலு வருடம் தினமும் காலையில் தயிரையும் மோரையும் முகர்ந்து பார்த்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

முதலில் அமிலத்தின் கதை. லாக்டிக் அமிலம் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்குக்கு வந்து சேராது; நாக்கில் பட்டால்தான் தெரியும். ஆகவே தயிரின் புளிப்பு நாக்கின் சமாசாரம். தயிரின் வாசனை முற்றிலும் வேறு சில பொருள்களின் வேலை. அவை பத்து லட்சத்தில் சில பங்கு, சில சமயம் ஒரே ஒரு பங்குதான் இருக்கும். ஒரு கிலோ தயிரில் லாக்டிக் அமிலம் எட்டு, ஒன்பது கிராம் இருக்கிறது என்றால், மணம் தரும் பொருளை மில்லிகிராமில்தான் எண்ண வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் உடம்போடு புரிந்தது 2021-ல். கொரோனா வந்து காய்ச்சல் ஐந்து நாளில் போனது. மூக்கு போனது போனதுதான், நான்கு மாதம் திரும்பவில்லை. அந்த நான்கு மாதமும் தயிர் சாப்பிட்டேன். புளிப்பு அப்படியே இருந்தது. குளிர்ச்சி இருந்தது, வழவழப்பு இருந்தது. ஆனால் தயிர் இல்லை. தண்ணீரில் கொஞ்சம் அமிலத்தைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுத்தது போல இருந்தது. லாக்டிக் அமிலம்தான் மணம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நான்கு மாதம்தான் நினைவுக்கு வரும்.

சரி, அப்படியானால் புளிப்புக்கும் மணத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் கட்டுரை சொல்வது போல இல்லை. புளிப்பு மணமாக மாறுவதில்லை. மணம் உண்டாக்கும் பாக்டீரியா எப்போது வேலையைத் தொடங்கலாம், எதை உள்ளே எடுக்கலாம், உள்ளே எடுத்ததை என்னவாக மாற்றலாம் என்பதையெல்லாம் சுற்றியுள்ள அமிலத்தன்மைதான் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்கு நடுவில் ஒரு நல்ல நேரம் உண்டு. அதற்கு முன்னாலும் மணம் இல்லை. அதைத் தாண்டி விட்டுவிட்டாலும் மணம் இல்லை.

பாலில் சர்க்கரை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். லாக்டோஸ், ஏறக்குறைய ஐந்து சதவீதம். சிட்ரேட் இருப்பது பலருக்குத் தெரியாது. எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தின் உப்பு. லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம்வரை இருக்கும். கறவைப் பருவத்துக்கு ஏற்ப கொஞ்சம் ஏறும், இறங்கும். லாக்டோஸோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வெண்ணெய் வாசனை, மோர் வாசனை என்று நாம் சொல்வதன் மூலப்பொருள் இதுதான்.

எங்கள் கல்ச்சரில் இரண்டு கூட்டத்தார் இருந்தார்கள். ஒரு கூட்டம் லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலம் செய்யும்: லாக்டோகாக்கஸ் லாக்டிஸ், அதன் கிரிமோரிஸ் வகை. வேகமான ஆட்கள், ஆனால் சிட்ரேட்டைத் தொடமாட்டார்கள். மற்றது சிட்ரேட்டைத் தொடும் கூட்டம்: லூக்கோநாஸ்டாக், பிறகு லாக்டோகாக்கஸிலேயே டைஅசிட்டிலாக்டிஸ் என்ற பிரிவு. கல்ச்சர் பாக்கெட்டில் எல், டி, டிஎல் என்று எழுதியிருப்பது இதைத்தான். லூக்கோநாஸ்டாக் இருந்தால் எல், டைஅசிட்டிலாக்டிஸ் இருந்தால் டி, இரண்டும் இருந்தால் டிஎல். இரண்டுமே இல்லாத கல்ச்சருக்கு ஓ என்று பெயர். ஓ வகை நன்றாகப் புளிக்கும், மணம் வராது. கட்டுரை ஆசிரியர் ஓ வகைக் கல்ச்சரில் ஒரு தொட்டி மோரை ஒரு தரம் முகர்ந்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ளவே வெகுநாள் ஆனது. க்ரீமைப் புளிக்கவைக்கத் தனியாக வளர்த்த பாக்டீரியாவைப் பயன்படுத்தலாம் என்று 1890 வாக்கில் டென்மார்க்கில் ஆரம்பித்தார்கள். அமிலம் சரியாக வந்தது, மணம் மட்டும் ஒழுங்காக வரவில்லை. 1919-ல்தான் டென்மார்க், ஹாலந்து, அமெரிக்கா மூன்று இடத்திலும் தனித்தனியாக ஆராய்ந்தவர்கள், புளிக்கவைக்கும் பாக்டீரியாவோடு இன்னொரு வகையும் சேர்ந்து இருந்தால்தான் மணம் வரும் என்று கண்டார்கள். அந்த மணப்பொருள் டைஅசிட்டைல் என்று 1929-ல் ஹாலந்தில் வான் நீல், கிளைவர், டெர்க்ஸ் மூவரும் எழுதினார்கள். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய விஷயம், ஐயா.

இனி அமிலம் செய்யும் வேலைக்கு வருகிறேன். புதுப் பாலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் இறங்க இறங்க அமிலம் கூடும்) 6.6, 6.7. அந்த நிலையில் சிட்ரேட் பெரும்பாலும் மூன்று எதிர்மின்னூட்டங்களோடு முழுதாகப் பிரிந்து கிடக்கும். சிட்ரேட்டை உள்ளே இழுக்க டைஅசிட்டிலாக்டிஸின் தோலில் ஒரு புரதக் கதவு உண்டு. அந்தக் கதவு மூன்று மின்னூட்டம் கொண்ட சிட்ரேட்டை விரும்பாது. ஒரு ஹைட்ரஜன் ஒட்டி, இரண்டு மின்னூட்டத்தோடு வருவதைத்தான் எடுக்கும். பாலின் பி.எச். இறங்க இறங்க அந்த இரண்டாவது வடிவம் கூடும். 5.5, 5 என்று வரும்போது கதவில் நல்ல கூட்டம். அது மட்டுமில்லை, அந்தக் கதவைச் செய்யும் மரபணுவே அமிலம் பட்டால்தான் சுறுசுறுப்பாக எழுதப்படுகிறது. புளிப்பு வந்தால்தான் கதவும் கூடுதலாகச் செய்யப்படும், கதவுக்கு ஏற்ற சிட்ரேட்டும் கூடுதலாக இருக்கும். லூக்கோநாஸ்டாக்கில் மரபணு விஷயம் கொஞ்சம் வேறு: அங்கே சிட்ரேட் இருப்பதுதான் தூண்டுதல். ஆனாலும் டைஅசிட்டைல் எதிர்பார்க்க பி.எச். 5.5-க்குக் கீழே வரவேண்டும். பால் நடுநிலையாக இருக்கும்போது அது சிட்ரேட்டைத் தின்றாலும் மணம் பெயரளவுக்குத்தான்.

இதனால்தான் இரண்டு கூட்டமும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல் கூட்டம் வேகமாகப் புளிக்கவைத்து இடத்தைத் தயார்செய்து கொடுக்கிறது, இரண்டாம் கூட்டம் அதற்கு அப்புறம் மணத்தைச் செய்கிறது. முதல் கூட்டம் சோம்பினால் மணமும் தாமதமாகும். ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்கள் "புளிப்பு வந்துவிட்டது, மணம் ஏன் இல்லை" என்று கேட்பார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் விடு என்பேன். பெரும்பாலும் அதுதான் பதில்.

உள்ளே போன சிட்ரேட் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆசிரியர் இங்கே கத்தரிக்கோல் வைக்காமல் இருந்தால் நல்லது. ஒரு நொதி (என்சைம்) சிட்ரேட்டை இரண்டாக வெட்டும்: ஒரு துண்டு அசிட்டிக் அமிலமாகப் போகும், இன்னொரு துண்டு கரியமில வாயுவை விட்டுவிட்டுப் பைருவேட் என்ற இடைநிலைப் பொருள் ஆகும். பாக்டீரியாவின் கலத்துக்குள் பைருவேட் ஏற்கெனவே லாக்டோஸிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. லாக்டோஸ் வழி வரும் பைருவேட்டுக்குக் கணக்கு நேராக இருக்கும்: ஒவ்வொன்றும் லாக்டிக் அமிலமாக மாற வேண்டிய ஹைட்ரஜன் கையோடு வரும். சிட்ரேட் வழி வரும் பைருவேட் கைவீசிக்கொண்டு வருகிறது. அதை லாக்டிக் அமிலமாக்க ஹைட்ரஜன் மிச்சம் இல்லை. உள்ளே பைருவேட் குவிகிறது. குவிந்தால் மட்டுமே வேலைக்கு வரும் ஒரு நொதி இருக்கிறது. அது பைருவேட்டை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் செய்கிறது.

இங்கே ஒரு முச்சந்தி. அசிட்டோலாக்டேட்டின் பெரும்பகுதியை இன்னொரு நொதி பிடித்து அசிட்டோயின் ஆக்கிவிடும். அசிட்டோயினுக்கு மணம் சொற்பம். எங்கள் கணக்கில் அது ஊமை. ஒரு சிறு பகுதி மட்டும் நொதியின் கைக்குச் சிக்காமல், அமிலமும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்க, தானாகவே உடைந்து டைஅசிட்டைல் ஆகும். அதாவது பாக்டீரியா டைஅசிட்டைலை நேராகச் செய்வதே இல்லை. பாக்டீரியா செய்த நிலையற்ற ஒரு பொருள், புளித்த பாலில் ரசாயன விதிப்படி உடைந்து அந்த வாசனையைத் தருகிறது. பி.எச். குறைவாக இருந்தால் அந்த உடைதல் நன்றாக நடக்கும். அமிலம் இரண்டாவது முறை தலையிடும் இடம் இது. மேலே சொன்ன கதவு முதல் இடம்.

பாக்டீரியா எதற்காக இத்தனை பாடுபடுகிறது என்று ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. அது தன் அமிலத்திலேயே தானே மூழ்கிக்கொண்டிருக்கிறது. அயனியாகப் பிரியாத லாக்டிக் அமிலம் தோல் வழியே திரும்ப உள்ளே கசியும், உள்ளே பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடும். அதை வெளியே தள்ளச் சக்தி செலவாகும். சிட்ரேட்டை உடைக்கும்போது ஒரு ஹைட்ரஜன் அயனி தீர்கிறது. சிட்ரேட்டை உள்ளே எடுத்து லாக்டேட்டை வெளியே விடும் அதே கதவு மின்னழுத்தத்தைக் கூட்டிச் சக்தியும் சேமித்துக் கொடுக்கிறது. பைருவிக் அமிலத்தை அசிட்டோயின் ஆக்கினால் அமிலமாக இருந்தது நடுநிலைப் பொருளாகிவிடுகிறது. மொத்தத்தில் புளிப்பைத் தாக்குப்பிடிக்கும் வேலை இது. அதில் சிந்தும் துளிதான் டைஅசிட்டைல். அந்தப் பெண் "அப்போ நமக்கு வாசனை, அதுக்கு மூச்சு முட்டல்" என்றாள். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

இப்போது 2021 கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்துக்கு உண்மையான காரணம் அந்த ஒரு இரவுதான்.

எனக்கு மூக்கு வேலை செய்யாத நேரம். விடுப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டேன். முகர முடியாத கல்ச்சர்காரி என்பது கண் தெரியாத ஓட்டுநர் மாதிரி. வேறு வழியில்லாமல், மணப்பொருள் இருப்பதை நிறத்தால் காட்டும் பழைய கிரியேட்டின் சோதனையைப் பிடித்துக்கொண்டேன். குழாயில் கொஞ்சம் கல்ச்சர், ஒரு சிட்டிகை கிரியேட்டின், நாற்பது சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு. நன்றாகக் குலுக்கி வைத்தால் மேலே இளஞ்சிவப்பு வளையம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நல்லது என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

க்ரீம் புளிக்கவைக்கும் தொட்டி ஒன்று. 21 டிகிரியில் வைத்து, பி.எச். 4.7 தொட்டதும் குளிர்விக்க வேண்டும். அன்று இரவு குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. தொட்டி ஆறேழு மணி நேரம் அதே சூட்டில் கிடந்தது. காலையில் வந்து பார்த்தால் பி.எச். 4.3. புளிப்பு அருமை. கிரியேட்டின் சோதனை செய்தேன்: அதற்கு முன் நான் பார்த்திராத அழுத்தமான சிவப்பு. எனக்குச் சந்தோஷம். இயந்திரம் நின்றதே நல்லதாகப் போயிற்று, இன்னும் கொஞ்சம் மணம் சேர்ந்திருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்லப் புறப்பட்டேன். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, "அக்கா, இதுல வாசனையே இல்லையே" என்றான்.

நான் நம்பவில்லை. வளையத்தைக் காட்டினேன். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்: புளிக்கிறது, வேறொன்றும் இல்லை.

நடந்தது இதுதான். கிரியேட்டின் சோதனைக்கு டைஅசிட்டைலும் அசிட்டோயினும் ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிவக்கும். இரவில் சிட்ரேட் தீர்ந்துபோய்விட்டது. புதிதாக டைஅசிட்டைல் உண்டாக வழி இல்லை. ஆனால் பாக்டீரியா உயிரோடு, வெதுவெதுப்பில், சுறுசுறுப்பாக இருக்கிறது. அதனிடம் டைஅசிட்டைலை அசிட்டோயினாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் கணக்கைச் சரிசெய்ய அது பயன்படுகிறது. அசிட்டோயினை இன்னும் மாற்றிப் பியூட்டேன்டையால் வரைக்கும் கொண்டுபோகும். ஆக, மணமாக இருந்தது இரவோடு இரவாக ஊமையாகிவிட்டது. வளையம் சிவந்தது அந்த ஊமையைப் பார்த்துத்தான். என் மூக்கு இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

பி.எச். 4.7-ல் குளிர்விக்கச் சொல்வது சும்மா வழக்கம் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் சிட்ரேட் தீரும் தறுவாயில் இருக்கும், டைஅசிட்டைல் உச்சத்தில் இருக்கும். சட்டென்று குளிர்வித்தால் அதை அசிட்டோயினாக மாற்றும் நொதி மந்தமாகும், மணம் தங்கும். டி வகைக் கல்ச்சரில் இந்த உச்சம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். எல் வகையில் கொஞ்சம் நிதானம். "புளிக்கப் புளிக்க மணம் கூடும்" என்பதை நம்பி ஒருவர் தொட்டியை இரவு முழுக்க விட்டால் எங்களுக்குக் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைக்கும். அந்தத் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

யோகர்ட் வகைத் தயிருக்குக் கதை வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலக்கியிருக்கிறது. அது 42, 43 டிகிரியில் உறைவது. அங்கே இருப்பவர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும் லாக்டோபசில்லஸ் பல்கேரிக்கஸும். இவர்களின் பிரதான மணம் அசிட்டால்டிஹைடு. பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற ஒரு கூர்மை. அது சிட்ரேட்டிலிருந்து வருவதில்லை. திரியோனின் என்ற அமினோ அமிலத்தை உடைப்பது அதற்கு ஒரு முக்கிய வழி. அங்கேயும் அமிலம் மணி அடிக்க வேண்டியிருக்கிறது: பி.எச். 5 வரும்வரை அசிட்டால்டிஹைடு பெரிதாகத் தெரியாது, 4.2-ல் உச்சம், 4 வந்தால் அங்கேயே நின்றுவிடும். அசிட்டால்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றும் நொதி இவர்களிடம் அநேகமாக இல்லாததால், உண்டானது அப்படியே சேர்ந்து நிற்கிறது. 4-க்குக் கீழே போனால் மணம் கூடாது, புளிப்பு மட்டும் கூடி, இருக்கும் மணத்தையும் நாக்கு கவனிக்காதபடி செய்துவிடும். அசிட்டால்டிஹைடின் கொதிநிலை ஏறக்குறைய 20 டிகிரிதான். மூடியைத் திறந்து வைத்த தயிர் ஏன் சீக்கிரம் மந்தமாகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தயிரில் நல்லது என்று கொண்டாடும் அதே அசிட்டால்டிஹைடு மோரில் கூடிவிட்டால் குற்றம். "பச்சை வாடை" என்போம். டைஅசிட்டைல் நான்கு பங்கு இருந்தால் அசிட்டால்டிஹைடு ஒரு பங்கு இருப்பது நல்ல விகிதம். டைஅசிட்டிலாக்டிஸ் மிஞ்சினால் விகிதம் கெடும்; லூக்கோநாஸ்டாக் இருந்தால் அது அசிட்டால்டிஹைடை ஆல்கஹாலாக்கிச் சமன்செய்யும். டைஅசிட்டைலுக்கும் இதே விதிதான். வெண்ணெயில் நாங்கள் தேடி அலைவதை பியர் காய்ச்சுபவர்கள் குற்றமென்று விரட்டுகிறார்கள். ஈஸ்ட் அதைத் தின்று தீர்க்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டது 2000-ல் தெரியவந்தது; டைஅசிட்டைல் கலந்த செயற்கை வெண்ணெய் மணத்தின் ஆவியைச் சூடாக மூச்சில் இழுத்ததால். மோரில் இருப்பது அந்த அளவே இல்லை, பயப்பட வேண்டாம். பேச்சு அளவைப் பற்றி வந்ததால் சொன்னேன்.

அளவு என்றதும் இன்னொன்று. கட்டுரையில் ஒரு பத்தியில் பி.எச். என்கிறார்கள், அடுத்ததில் "0.8 சதவீத அமிலம்" என்கிறார்கள், இரண்டும் ஒன்று என்பது போல. ஒன்று அல்ல. சதவீதம் என்பது பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்ஸைடு சொட்டவிட்டு, பினாப்தலின் என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பாகும்வரை எத்தனை மில்லி போனது என்று எண்ணுவது. பாலில் இருக்கும் புரதமும் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும்கூட அதில் பங்கு கேட்கும். புளிக்காத புதுப் பாலே 0.15 சதவீதம் காட்டும். அதில் லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கெட்டியான பாலும் தண்ணியான பாலும் ஒரே சதவீதம் காட்டலாம், பி.எச். வேறாக இருக்கும். பாக்டீரியாவின் கதவுக்கு பியூரெட் கணக்கு தெரியாது, வெளியே பி.எச். என்ன, பிரியாத அமிலம் எவ்வளவு, இதுதான் அதற்குத் தெரியும். பி.எச். ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. 5.5-க்கும் 4.5-க்கும் நடுவே ஒரே ஒரு எண்தான் இருப்பது போலத் தெரியும். அந்த ஒரு எண்ணுக்குள்தான் நான் மேலே சொன்ன அத்தனையும் நடக்கிறது.

புளிப்பு சரியாக இருந்தும் மணம் வராத தொட்டிக்கு அமிலத்தோடு சம்பந்தமில்லாத காரணமும் இருக்கலாம் என்பதைச் சொல்லாவிட்டால் நானும் கட்டுரையாளரின் தவற்றையே செய்தவள் ஆவேன். சிட்ரேட் கதவுக்கான மரபணு டைஅசிட்டிலாக்டிஸில் பிரதான குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் என்னும் ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. கல்ச்சரை மறுபடி மறுபடி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் சில கலங்கள் அந்த வளையத்தைத் தொலைத்துவிடும். தொலைத்தவை நன்றாக வளரும், நன்றாகப் புளிக்கவைக்கும், சிட்ரேட்டை மட்டும் உள்ளே எடுக்கத் தெரியாது. எங்கள் பழைய கல்ச்சர் ஒன்று இப்படித்தான் மெல்ல மெல்ல மணம் இழந்தது. பாலைக் குறை சொன்னோம், தண்ணீரைக் குறை சொன்னோம், தொட்டி கழுவும் சோப்பைக்கூடச் சந்தேகப்பட்டோம். இரண்டு மாதம் கழித்துப் புதுக் கல்ச்சர் போட்ட அன்றே மணம் வந்துவிட்டது. சில ஆலைகளில் மணம் குறைந்தால் பாலில் கொஞ்சம் சோடியம் சிட்ரேட் சேர்ப்பார்கள். கதவு இருந்தால் அது உதவும். கதவே இல்லாதவனுக்கு எத்தனை கொட்டினாலும் வீண்.

என் மூக்கு நான்காம் மாதம் அரைகுறையாகத் திரும்பியது. முதலில் வந்தது பினாயில் வாடை, அப்புறம் டீசல். தயிர் வாசனை கடைசியில்தான் வந்தது, அதுவும் ஒரு பக்க நாசியில் மட்டும். ஓய்வு பெறுவதற்குள் இளைஞனுக்கு முகரக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அவன் இப்போது கிரியேட்டின் சோதனையும் செய்கிறான், கரண்டியில் எடுத்து முகரவும் செய்கிறான். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறான். பெரும்பாலும் இரவில் எங்கோ குளிர்விக்கத் தாமதம் ஆகியிருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. இடம் இல்லையென்றால் பியர், பாப்கார்ன் விஷயங்களை வெட்டிவிடுங்கள். இரவுத் தொட்டியை வெட்டாதீர்கள். திருத்தம் போடுவதானால் இப்படிப் போடலாம்: "லாக்டிக் அமிலத்துக்கு மணம் இல்லை. பால் புளித்து பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கிய பிறகே மணம் தரும் பாக்டீரியாக்கள் சிட்ரேட்டிலிருந்து டைஅசிட்டைலை நன்றாகத் தருகின்றன. சிட்ரேட் தீர்ந்த பின்னும் குளிர்விக்காமல் விட்டால் அந்த மணம் குறையும்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கல்ச்சர் பிரிவு

பி.கு.: அதே கட்டுரையில், பால் புரதம் திரளும் பி.எச். "46" என்று அச்சாகியிருக்கிறது. புள்ளி விழுந்துவிட்டது; 4.6 என்று இருக்க வேண்டும்.